போலோவுக்குக் காயில்ஓவர்: எடைமேடையில் தொடங்குங்கள்

கோவை செட்டிபாளையம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை ஒன்று இருக்கிறது. என் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் முதல் காயில்ஓவரை, அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டை, மாட்டிய வாரம், அந்த வேகத்தடைமேல் இருபது கி.மீ வேகத்தில்தான் ஏறினேன். முன்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். சுத்தியலால் பலகையை அடித்தது மாதிரி. பின்சீட்டில் அம்மா இருந்தார். வீட்டுக்கு வந்து இறங்கியதும், "கண்ணு, இனிமே இந்த வண்டிக்கு என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த செட்டை இன்னொரு ஊர்க்காரரிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தேன். 30 கிளிக் வைத்துத் திருப்பும் ஷாக் அப்சார்பர், அதன் தலையை வண்டியோடு பிடிக்க அலுமினிய டாப் மவுண்ட், நல்ல பளபளப்பு. எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. கழற்றக் கொண்டுபோனபோது கணபதிப் பகுதியில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஸ்பிரிங்கைத் துடைத்து, அதில் அச்சடித்திருந்ததைப் படித்தார்: 62, 180, 8. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இது காருக்குப் போட்டதுங்களா, லாரிக்குங்களா?"

62 என்பது ஸ்பிரிங்கின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 180 நீளம். 8 என்பது விறைப்பு: ஒரு மி.மீ அமுக்க 8 கிலோ. நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரச்சோதனை பார்ப்பவன். நாள் முழுக்க வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகத் திரிகிறவன். ஆனால் சொந்தக் காருக்குப் பொருள் வாங்கும்போது ஒன்றையும் அளக்கவில்லை. இரண்டாவது செட்டை வாங்கும்முன் எல்லாவற்றையும் அளந்தேன். அந்த அளவுகளும் கணக்கும்தான் கீழே இருக்கின்றன. எடுத்துக்காட்டுக்கு என் போலோவைத்தான் சொல்கிறேன். ஆக்டேவியாவோ சிவிக்கோ ஸ்விஃப்ட்டோ வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே தேவையா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் கி.மீ ஓடிய வண்டியில் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்திருக்கும், ஸ்ட்ரட் மவுண்ட் தேய்ந்திருக்கும். அதையெல்லாம் புதிதாகப் போட்டு, நல்ல டயரும் மாட்டினாலே பாதிப் பேருக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது. என் முதல் செட் பழைய டயரோடுதான் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓடியது. லேப் நேரம் அரை வினாடிகூடக் குறையவில்லை. அடுத்த மாதம் டயர் மாற்றினேன், குறைந்தது.

வண்டி கொஞ்சம் தாழ்ந்து அழகாக நின்றால் போதும் என்பவருக்கு லோயரிங் ஸ்பிரிங்கே போதும். உயரம் மாறாமல் பிடிப்பு மட்டும் வேண்டுமென்றால் நல்ல ஷாக் போதும். பில்ஸ்டீன் என்ற கம்பெனியின் ஷாக்குகளில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கானது, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. லோயரிங் ஸ்பிரிங்கோடு பி8 சேர்ந்தால் பல கார்களுக்கு அது மலிவான காயில்ஓவரைவிட நன்றாக ஓடும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

உயரத்தை நீங்களே வைக்க வேண்டும், ஸ்பிரிங் விறைப்பை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், வருடத்தில் சில நாளாவது டிராக்கில் ஓட்டுவீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒரு சின்ன விளக்கம். ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் அமர்ந்திருந்தால் அதுதான் காயில்ஓவர். அந்தக் கணக்கில், ஷாக்கே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள எல்லா வண்டியிலும் முன்பக்கம் ஏற்கெனவே காயில்ஓவர்தான். கடையில் அந்தப் பெயரில் விற்பது, உடம்பில் மரை வெட்டி, ஸ்பிரிங் அமரும் காலரை மேலும் கீழும் நகர்த்தும்படி செய்த வகை. போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம் ஆக்சில், இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் வகை. அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் "நாலு காயில்ஓவர்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பின்னால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஷாக்கும், ஒரு ஸ்பிரிங்கும், அதன் கீழே மரை போட்ட ஒரு கிண்ணமும்தான்.

எடைமேடை

லாரிக்கு எடை போடும் இடத்துக்குக் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். அரை டாங்க் பெட்ரோல், நீங்கள் ஓட்டுநர் சீட்டில். முழு வண்டியையும் ஒருமுறை, முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை. ஐந்து, பத்து கிலோ முன்பின் இருக்கும். பரவாயில்லை. எனக்கு மொத்தம் 1,190 கிலோ, முன்பக்கம் 730 வந்தது. மேடைக்காரர் சீட்டில் வண்டி நம்பருக்குக் கீழே "லோடு: இல்லை" என்று எழுதித் தந்தார்.

730-ஐ இரண்டாக வகுத்தால் ஒரு முன்மூலைக்கு 365. அதில் சக்கரம், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை சுமார் 35. மீதி 330 கிலோதான் ஸ்பிரிங் தாங்குவது. பின்னால் இதேபோல் 230, அதில் 30 போனால் 200.

இப்போது ஒரு கணக்கு. ஸ்பிரிங் மேல் நிற்கும் வண்டி வினாடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் விறைப்பின் உண்மையான அளவு. எட்டு கிலோ ஸ்பிரிங் ஒரு வண்டியில் கல்லு மாதிரி இருக்கும், கனமான வண்டியில் மெத்தை மாதிரி இருக்கும். அதனால் கிலோவை மட்டும் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கணக்கு இதுதான்: ஸ்பிரிங் கிலோவை மூலை எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 15.76-ஆல் பெருக்குங்கள். விடை ஹெர்ட்ஸில் வரும்.

என் முதல் செட்: 8 ÷ 330, வர்க்கமூலம் 0.156, பெருக்கினால் 2.45 ஹெர்ட்ஸ். சாதாரணக் குடும்பக் கார் 1.2 முதல் 1.5 வரை இருக்கும். அன்றாடம் ஓட்டி, அவ்வப்போது டிராக்குக்கும் போகிற வண்டிக்கு 1.7 முதல் 2 வரை தாங்கும். 2.2-க்கு மேல் போனால் அது டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டி. அம்மாவை அப்படிப்பட்ட வண்டியில்தான் நான் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

5 கிலோ போட்டால் 1.94 வருகிறது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மெக்ஃபர்சனில் சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய அதே அளவு அமுங்கும், கொஞ்சம்தான் குறையும். அதனால் முன்பக்கத்துக்கு இந்தக் கணக்கே போதும்.

பின்பக்கம் அப்படியில்லை. போலோவில் பின் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல், ஆக்சில் கீல் இருக்கும் பக்கம் தள்ளி அமர்ந்திருக்கிறது. கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீல் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கீலிலிருந்து ஸ்பிரிங்குக்கு உள்ள தூரத்தை, கீலிலிருந்து சக்கர மையத்துக்கு உள்ள தூரத்தால் வகுங்கள். 0.8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை வர்க்கப்படுத்த வேண்டும், 0.64. ஆக 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 3.84 கிலோவாகத்தான் வேலை செய்யும். 200 கிலோவுக்கு அது 2.18 ஹெர்ட்ஸ். முன்பக்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல். அப்படித்தான் இருக்க வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டும் சேர்ந்து அடங்கும். இல்லாவிட்டால் வண்டி குதிரை மாதிரி முன்னும் பின்னும் தலையாட்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பின்பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருப்பது வளைவிலும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் செட்களில் ஸ்பிரிங் மேல் 60, 170, 50 என்பது போல அச்சடித்திருக்கும். அந்த 50 நியூட்டன் கணக்கு. கிலோவில் சுமார் 5.1. அமெரிக்கக் கணக்கில் பவுண்டு வந்தால் 56-ஆல் வகுங்கள். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

எவ்வளவு தாழ்த்தலாம்

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம், நானும் சேர்த்து. காயில்ஓவர் வாங்கியவுடன் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் விரல் நுழையாதபடி இறக்கிவிடத் தோன்றும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

ஷாக்கின் உள்தண்டு எவ்வளவு தூரம் நகரும் என்பதை ஸ்ட்ரோக் என்பார்கள். என் இரண்டாவது செட்டில் முன்பக்கம் 120 மி.மீ. வண்டியைத் தரையில் இறக்கினால் 330 கிலோ 5 கிலோ ஸ்பிரிங் மேல் அமர்ந்து 66 மி.மீ அமுங்கும். ஆக மேலே ஏற மீதி 54, கீழே தொங்க 66. மேலே ஏறும் 54-இல் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் பாதியை எடுத்துக்கொள்ளும். இதே இடத்தில் 8 கிலோ ஸ்பிரிங் இருந்தால் அமுங்குவது 41 மட்டும். பள்ளத்தில் சக்கரம் 41 மி.மீ-க்கு மேல் தொங்க முடியாது. அதற்குமேல் சக்கரம் காற்றில் நிற்கும், அப்புறம் தரையில் வந்து அறையும். நம் ரோட்டில் மேட்டைவிடப் பள்ளம்தான் அதிகம். அதனால் கீழே தொங்கும் தூரத்தைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு இன்னும் வியப்புதான்.

உயரத்தை மாற்றும் விதத்தில் இரண்டு உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் காலரை மட்டும் இறக்குவீர்கள். வண்டி இறங்கும், கூடவே மேலே ஏறும் தூரமும் அதே அளவு குறையும். 30 மி.மீ இறக்கினால் 30 மி.மீ போயிற்று. இன்னொன்றில் ஷாக்கின் அடிப்பகுதியே மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமலே வண்டியை இறக்கலாம், ஸ்ட்ரோக் அப்படியே இருக்கும். கேட்க இரண்டாவதுதான் உசத்தி என்று தோன்றும். பாதி உண்மை. ஸ்ட்ரோக் மிச்சமிருக்கிறது என்பதற்காக வண்டியை ரொம்ப இறக்கினால், பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே டயர் ஃபெண்டரில் உரசும், டிரைவ் ஷாஃப்ட் தப்பான கோணத்தில் சுற்றும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: காலரை இறுக்கி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்தால் விறைப்பு கூடும் என்று. சாதாரண நேர்விகித ஸ்பிரிங்கில் கூடாது. 5 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 5 கிலோதான். முதல் வகை செட்டில் வண்டி உயரும், அவ்வளவே. இரண்டாவது வகையில், மேலே ஏறும் தூரத்துக்கும் கீழே தொங்கும் தூரத்துக்கும் உள்ள பங்கு மாறும்.

தாழ்த்துவதற்கு உண்மையான எல்லை முன்சக்கரத்தின் லோயர் ஆர்மில் இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். அந்த ஆர்ம் உள்ளிருந்து வெளியே போகும்போது சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இறக்க இறக்க அது கிடைமட்டமாகி, பிறகு மேல்நோக்கித் திரும்பும். அப்படித் திரும்பிவிட்டால், வளைவில் வண்டி சாயும்போது அதைச் சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடும். தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும்! அதைச் சரிக்கட்ட இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வாங்குவார்கள். ஆர்ம் கிடைமட்டத்துக்கு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். போலோவுக்கு அது எனக்கு 28 மி.மீ-இல் வந்தது.

கம்பெனியில் ஏறத்தாழ 165 மி.மீ இருந்த தரை இடைவெளி இப்போது 137. வேகத்தடையில் இடிக்காதா என்று கேட்பார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்தது. போலோவின் வீல்பேஸ் 2.47 மீட்டர். வண்டி அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கு வேண்டிய இடைவெளி 45 மி.மீ-தான். விதிப்படி கட்டினால் 137-க்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நம்மூர் வேகத்தடைகளை யார் அளந்து கட்டுகிறார்கள்? தார் மிச்சமானால் ஒன்று, ஊர்க்காரர் கேட்டால் ஒன்று. ஆகவே நீங்கள் தினமும் போகும் வழியில் மோசமானது எதுவோ, அதன் உயரத்தையும் அகலத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பார்ப்பவர்கள் நெடுஞ்சாலைத் துறை என்று நினைப்பார்கள். எனக்கு ஒரு டீ கிடைத்தது.

கிளிக்குகள்

இப்போதுதான் ஷாக்குக்கு வருகிறோம். விளம்பரம் இங்கிருந்துதான் தொடங்கும்.

ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாக் தடுப்பது கம்ப்ரஷன், ஸ்பிரிங் திரும்ப நீளும்போது தடுப்பது ரீபவுண்ட். ஒரே திருகு உள்ள செட்டில் இரண்டும் சேர்ந்து மாறும், பெரும்பாலும் ரீபவுண்ட்தான் அதிகம் மாறும். கேடபிள்யூ (KW) என்ற கம்பெனியின் செட்களில் வேரியன்ட் 1-க்கு உயரம் மட்டும், 2-க்கு ரீபவுண்டும், 3-க்கு இரண்டும் தனித்தனியாகத் திருப்பலாம். பில்ஸ்டீன் பி14-இல் திருகே கிடையாது, பி16-இல் பத்து நிலை. டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் பதினாறு, பிசி ரேசிங்கின் பிஆர் முப்பது.

முப்பது பத்தைவிட மேல் என்று எண்ணிவிடாதீர்கள். என் முதல் செட்டில் முதல் பன்னிரண்டு கிளிக்குக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கடைசி ஐந்தில் எல்லாம் ஒரேயடியாக மாறியது. கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஷாக்கின் டைனோ வரைபடம் இருக்கிறதா? நகரும் வேகத்துக்கு எதிராக விசையைக் காட்டும் கோடுகள். அவை சீராக விசிறி போல் விரிந்தால் நல்லது. பாதிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தால், அந்தக் கிளிக்குகளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். வரைபடமே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பி14 மாதிரி திருகே இல்லாத, ஆனால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்குக்குச் சரியாக வால்வு வைத்துக் கொடுத்த செட் புதிதாகத் தொடங்குபவருக்கு மேல் என்பது என் கருத்து. திருப்ப ஒன்றும் இல்லை என்றால் கெடுக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஸ்பிரிங்கை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. எந்த ஷாக்குமே தனக்கென்று வைத்த ஸ்பிரிங்கிலிருந்து ஓரிரு கிலோவுக்கு மேல் விலகினால் திணறும். விறைப்பான ஸ்பிரிங் நீளும்போது அடக்கப் போதுமான ரீபவுண்ட் இல்லாமல் வண்டி பந்து மாதிரி குதிக்கும்.

மோனோடியூபா, ட்வின் டியூபா என்ற சண்டை நீளமானது. சுருக்கமாக: மோனோடியூப் சீக்கிரம் குளிரும், டிராக்கில் பத்து லேப் அடித்தாலும் மாறாது. ஆனால் வெளிக்குழாயில்தான் பிஸ்டன் ஓடுகிறது, கல் பட்டு நெளிந்தால் முடிந்தது. ட்வின் டியூபில் வெளியே நெளிந்தாலும் உள்ளே ஓடும், அதே நீளத்தில் கூடுதல் ஸ்ட்ரோக்கும் கிடைக்கும். மதுக்கரை, பொள்ளாச்சி என்று தினம் ஓட்டுபவருக்கு நல்ல ட்வின் டியூபில் தவறே இல்லை.

டாப் மவுண்ட். கம்பெனியில் ரப்பர் இருக்கும். பல செட்களில் அதற்குப் பதில் உருண்டை பேரிங் போட்ட அலுமினியத் தட்டு, பில்லோ பால் என்பார்கள். ஸ்டீயரிங் கூர்மையாகும், கேம்பரும், அதாவது சக்கரத்தின் சாய்வும், திருப்பலாம். போலோவுக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி ஒரு போல்ட்டில் இறுக்கியிருப்பதால் கீழே கேம்பர் திருப்ப வழியில்லை. ஆனால் செம்மண் தூசியும் மழைத் தண்ணீரும் அந்த பேரிங்குக்குள் போனால் ஒரே வருடத்தில் "கடகட" என்று ஆரம்பித்துவிடும். தினசரி வண்டி என்றால் ரப்பரையே வைத்துக்கொள்ளுங்கள். நான் பில்லோ பால் வாங்கி, ஒரு மழைக்காலம் கேட்டுவிட்டு, ரப்பருக்குத் திரும்பினேன்.

சென்னையில் கடலோரம் இருப்பவர்களுக்கு மட்டும்: மரை துருப்பிடித்தால் காலர் நகரவே நகராது. கேடபிள்யூ துருப்பிடிக்காத எஃகில் செய்வது இதற்குத்தான். மற்ற செட் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பல் பிரஷால் மண்ணைத் தேய்த்துவிட்டு, ஒரு சுற்று திருப்பித் திரும்ப வையுங்கள்.

வாங்கும்போது

ஆர்டர் போடும்முன் இரண்டு அளவு. ஸ்கோடா லாரா, ஆக்டேவியா, ஜெட்டா குடும்பத்தில் முன் ஸ்ட்ரட் 50 மி.மீ-யும் உண்டு, 55 மி.மீ-யும் உண்டு. மாற்றி வாங்கினால் நக்கிளில் நுழையாது, அல்லது ஆடும். வெர்னியர் வைத்து அளந்தே எழுதுங்கள். பின் ஆக்சில் பீமா, சக்கரத்துக்குத் தனித்தனி ஆர்ம்கள் உள்ள மல்டி லிங்கா என்பதையும் கீழே குனிந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பழுதானால் யார் பிரித்துச் சரிசெய்வார்கள், ஒரு ஷாக்கை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேளுங்கள். சீல் போய் எண்ணெய் கசிந்த ஒரு ஷாக்குக்காக முழு செட்டும் மூலையில் கிடக்கும் கதை நிறைய உண்டு. ஸ்பிரிங் விறைப்பை நாம் சொல்லும்படி தருவார்களா என்பதும் முக்கியம். எனக்கு ஒரு தைவான் கம்பெனி 5-உம் 6-உம் போட்டுத் தந்தது, கூடுதல் காசு இல்லாமல். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து விலையை எங்கோ கொண்டுபோகும். அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

செகண்ட்ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், தண்டை நகத்தால் மேலிருந்து கீழ்வரை வருடுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே புள்ளி விழுந்திருக்கிறது, சீல் நிற்காது. இரண்டு முன் ஷாக்கையும் பக்கத்தில் வைத்து ஒரே திருகு நிலையில் அமுக்கிப் பாருங்கள். ஒன்று சட்டென்று திரும்பி, மற்றது தயங்கினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பிரிங் எண்ணைப் படியுங்கள். நான் படிக்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்ட்ரட்டைத் தூக்கி எறியாமல் எண்ணெய் பூசி வைத்திருங்கள்.

மாட்டும் நாள்

கழற்றும்முன் நான்கு பக்கமும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அடியிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பும்.

போலோவில் பழைய ஸ்ட்ரட்டை உருவ, நக்கிளின் பிளவை விரிக்க வேண்டும். அதற்கென்று சின்னச் சாவி மாதிரி ஒரு கருவி உண்டு, நுழைத்துத் திருப்பினால் விரியும். உளியை வைத்து அடிக்கும் பட்டறை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். கழற்றிய நட்டுகளில் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டியவை இருக்கும், புதிதாக வாங்கி வையுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது. வண்டி தன் எடையில் நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும்.

அப்புறம் இரண்டு ரூபாய் கேபிள் டை. ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் ஒன்றை நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, சீல்வரை தள்ளிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போயிற்றோ அந்த இடத்தில் அது நிற்கும். பம்ப் ஸ்டாப்பை அழுத்தியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். முதல் செட்டுக்கு இதைக் கட்டியிருந்தால் பள்ளிக்கூட வேகத்தடைவரை போக வேண்டியிருந்திருக்காது.

அலைன்மென்ட் உடனே ஒன்று, 500 கி.மீ ஓடி எல்லாம் அமர்ந்தபின் இன்னொன்று. ஹெட்லைட்டும் தாழ்ந்திருக்கும், அதையும் திருத்துங்கள்.

திருகை மெதுவாக முழு விறைப்புக்குத் திருப்பி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே எண்ணினால்தான் நான்கும் ஒன்றாக இருக்கும். நடுவில் தொடங்குங்கள். ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் மூன்று மூன்று கிளிக்காக. மேட்டிலிருந்து இறங்கியபின் வண்டி இரண்டாவது முறையும் ஆடினால் ரீபவுண்டைக் கூட்டுங்கள். அடுத்தடுத்த குழிகளில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமர்ந்துகொண்டே போவது போலிருந்தால் குறையுங்கள், ஸ்பிரிங் நீள நேரம் கிடைக்கவில்லை.

என் நோட்டில் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது: முன் 5 கிலோ, முழு விறைப்பிலிருந்து 14 கிளிக் பின்னால், பின் 6 கிலோ, 17 கிளிக் பின்னால், கரி டிராக்கில் இரண்டுமே 6 கிளிக் பின்னால். உயரம் கம்பெனியிலிருந்து 28 கீழே. பள்ளிக்கூட வேகத்தடையில் இருபது வேகம், பின்சீட்டில் ஒருவர்: கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்கு 8 மி.மீ முன்னால் நின்றது. அந்த ஒருவர் அம்மாதான். வேகத்தடை தாண்டியதே தெரியாமல் கோயிலில் யாரைப் பார்த்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.